கிணற்றை விசாரித்தவர்

தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்க வருகிற சம்சாரி கடைப் படியில் கால் வைக்கும்போதே என்ன வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வருவார். "அஞ்சு குதிரை மோட்டார் ஒண்ணு குடுங்க" என்பார், செட்டியார் கடையில் கால் படி கடலெண்ணெய் கேட்கிற மாதிரி. பங்காளி அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார் போட்டிருப்பார். இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுத் தோட்டத்தில் அஞ்சு குதிரை ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் குறைச்சலாக வாங்கிக்கொண்டு போனால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. கடைக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுத்து, ஒரு கலர் சோடா உடைத்து நீட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவதுதான். இம்புட்டு லேசான வேலையை உலகத்திலேயே கஷ்டமான வேலையாக ஆக்கிக்கொண்ட ஆள் திண்டுக்கல்லில் ஒருவர்தான் இருந்தார். அவர் பீர் முகமது.

அவருடைய அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவர். அந்த வாடை மகனுக்குப் பிடிக்கவில்லை. எட்டாவது முடித்த கையோடு அப்துல் கையூம் ராவுத்தரின் இரும்புக் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டார். அப்போது அங்கே மாடு கட்டிக் கமலை இறைக்கிற சாலும், அதன் உருளையும், ஏர்க்கொழுவும், வண்டிப் பட்டாவும்தான் விற்றார்கள். பிறகு கிராமங்களுக்குக் கரண்டுக் கம்பம் நட ஆரம்பித்தார்கள். ராவுத்தர் காற்றடிக்கிற திசை பார்க்கத் தெரிந்தவர். சாலையும் உருளையையும் கடையின் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, முன்னால் பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டார்களை வரிசையாக உட்கார வைத்தார்.

கடையில் விற்பனைக்கு நின்றவர்கள் இரண்டு பேர். இடது பக்கம் பீர் முகமது, வலது பக்கம் ஆரோக்கியதாஸ். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே சம்பளக்காரர்கள். ஆரோக்கியதாஸ் வெற்றிலை போட்ட வாயும் பருத்த உடம்புமாக ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வருகிறவரிடம் மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, மகளுக்குப் பேறுகாலம் ஆயிற்றா என்று ஊர்க் கதையெல்லாம் பேசுவார். கடைசியில், "என்ன வேணும் மாமா? அஞ்சா? எடுத்துட்டாப் போச்சு" என்று எழுதி முடித்துவிடுவார். இந்த வெட்டிப் பேச்சைக் கேட்டாலே பீர் முகமதுவுக்குக் காது கூசும்.

கோளாறு ஆரம்பித்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். கோயமுத்தூரிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்து, கடைக்காரர்களையெல்லாம் ஒரு லாட்ஜ் ஹாலில் கூட்டி வைத்துப் பேசினார். "கேட்டதை எடுத்துக் கொடுக்கிறதுக்கு ஆள் எதுக்கு? கிணறு எவ்வளவு ஆழம், எவ்வளவு ஊற்று, எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை, எல்லாம் விசாரிங்க. விசாரிச்சு, அவங்களுக்கு எது பொருத்தமோ அதைச் சொல்லி விக்கப் பாருங்க. வைத்தியர் நாடி பார்க்காம மருந்து குடுப்பாரா?" என்று கேட்டார். ஆரோக்கியதாஸ் கொட்டாவி விட்டார். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம் என்ற யோசனையில் இருந்தார்கள். பீர் முகமதுவுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின கோடையில் அவர் கையாலேயே விற்ற பெரிய மோட்டார் ஒன்று, ஒரு சின்னக் கிணற்றை விடிந்ததும் விடியாததுமாக உறிஞ்சிவிட்டு, தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றி உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த சம்சாரி கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். ஆரோக்கியதாஸ், "நீங்க கேட்டதைத்தான மாமா குடுத்தோம்" என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்தார். பீர் முகமதுவுக்கு அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. ஒருவர் நம்பிக் கேட்கிறபோது சரியானதைச் சொல்வது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி, அதில் மோசம் பண்ணக் கூடாது என்பது அவர் கட்சி. கம்பெனி ஆள் பேசியது அந்தக் கட்சிக்கு முத்திரை குத்தியது போல ஆகிவிட்டது.

அன்றிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். பிடித்தது சனி.

இந்தப் பக்கத்துச் சம்சாரிகளிடம் பெண்டாட்டியோடு சண்டையா என்று கேளுங்கள், சொல்லுவார்கள். கோர்ட்டுக் கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று கேளுங்கள், உட்கார வைத்துச் சொல்லுவார்கள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டு ஊற்று அடைந்துவிடும். இல்லை என்று சொன்னாலோ அதைவிட மோசம். கிணறு வற்றின வீடு என்று பெயராகிவிட்டால் அந்த வீட்டுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான், எடுக்கவும் மாட்டான். அதனால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"கோடையில கிணத்துல எம்புட்டுத் தண்ணி நிக்கும்ணே?"

"இருக்கு, இருக்கு. குறையில்ல."

"ஊத்து எப்பிடி?"

"அதெல்லாம் குறையில்ல பாயி."

வேடசந்தூரிலிருந்து நத்தம் வரைக்கும் ஒரு கிணற்றிலும் குறையில்லை! அப்புறம் எதற்கு ஐப்பசி மழை தப்பினதும் ஊர் ஊருக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள் என்று பீர் முகமதுவுக்குக் கேட்க வேண்டும் போலிருக்கும். கல்லிலே நார் உரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டு, மனக்கணக்குப் போட்டு, "அண்ணே, உங்க கிணத்துக்கு மூணு குதிரை போதும்" என்று அவர் சொல்லுகிற வேளையில் எதிரில் இருக்கிற முகம் கறுத்துப்போகும். பாலசமுத்திரத்திலிருந்து சின்னக்கண்ணு என்று ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்திருந்தார். பழனிப் பக்கத்துக்காரர், பேச்சில் வெகு மரியாதை. மூணு குதிரை என்று கேட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"ஏனுங்க, என்னையப் பாத்தா மூணு குதிரைக்காரனாட்டமாங்க தெரியுது?"

"ஐயா, நான் உங்களச் சொல்லல. கிணத்தத்தான் சொன்னேன்."

"கெணறு யாருதுங்க? என்னுதுதானுங்களே?"

அப்படியே நாலு எட்டு வைத்து வலது பக்கம் போனார். ஆரோக்கியதாஸ் தோப்பில் இந்த வருஷம் காய் எப்படி என்று விசாரித்தார். அரை மணியில் ஏழரைக் குதிரை வண்டி ஏறியது. பீர் முகமது மேஜைத் துணியால் தன் பக்கத்து மோட்டார்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்துச் சில மோட்டார்களில் பச்சைப் பெயிண்டே மங்க ஆரம்பித்திருந்தது.

இந்த லட்சணத்தில் சில வருஷம் ஓடின பிறகுதான் நத்தம் கிளைக் கடைப் பேச்சு வந்தது. நத்தத்தில் கடைவீதியில் ராவுத்தர் ஒரு கட்டடம் பிடித்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. பங்குனியில் திறப்பு. இரண்டு பேரில் ஒருவரை அங்கே பொறுப்பாகப் போடப் போவதாகச் சொன்னார். யாரை என்று சொல்லவில்லை. ஆனால் சர்வீஸில் மூத்தவர் பீர் முகமதுதான்.

நத்தம் அவருக்குச் சம்பளத்துக்காக வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் அவர் குடியிருந்தது அண்ணன் தம்பிகள் எல்லாரும் சேர்ந்து இருந்த வீடு. ஆளுக்கு ஒரு அறை, எல்லாருக்கும் ஒரே அடுப்பங்கரை. அவர் மனைவி சர்புன்னிசா நிக்காஹ் ஆன நாளிலிருந்து ஓரகத்திகளோடு முறை வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூடுதலாக ஒரு டீ போட்டால்கூட நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். நத்தத்து மாடி வீட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மியை எந்த மூலையில் போடுவது, எந்த ஜன்னல் பக்கம் தண்ணீர்ப் பானை வைப்பது என்பதெல்லாம் அவருக்கு முடிவாகியிருந்தது. தினமும் சோறு போடும்போது, "முதலாளி இன்னைக்கு ஏதாச்சும் சொன்னாகளா?" என்று கேட்பார். பீர் முகமது தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

மாசி மாதம் ஒரு சந்தை நாளில் கோபால்பட்டிப் பக்கத்திலிருந்து ஆண்டிச்சாமி என்பவர் கடைக்கு வந்தார். நரைத்த மீசை, புது வேட்டி. தோட்டத்துக்குக் கம்பம் நட்டு ஒயர் இழுத்தாயிற்று, மோட்டார்தான் பாக்கி என்றார். வழக்கம்போல அஞ்சு குதிரை கேட்டார். பீர் முகமது வழக்கம்போல ஆரம்பித்தார்.

"கிணத்துல எத்தன ஆள் மட்டம் நிக்கும்ணே?"

ஆண்டிச்சாமி கடையில் நின்ற மற்ற ஊர்க்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ரெண்டு ஆள் மட்டம்! நடுச் சித்திரையிலயும் அசராது!" என்றார்.

கோபால்பட்டிப் பக்கம் பாறை பூமி. அங்கே நடுச் சித்திரையில் ரெண்டு ஆள் மட்டம் நின்றால் அது கிணறு இல்லை, கண்மாய். பீர் முகமதுவுக்கு இது தெரியும்.

"அண்ணே, நான் ஒரு நட வந்து கிணத்தப் பாத்துட்டுச் சொல்றேனே."

"என்னத்தப் பாக்கப் போறீரு? பொண்ணாய்யா பாக்க வாறீரு?"

கடை முழுக்கச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஆரோக்கியதாஸ், "என்ன மாமா, வேட்டியெல்லாம் மடிப்புக் கலையாம இருக்கு, வீட்ல என்ன விசேசம்?" என்று குரல் கொடுத்தார். ஆண்டிச்சாமி அந்தப் பக்கம் போனார். இரண்டு பேரும் தலையை ஒட்ட வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள், சிரித்தார்கள், வெற்றிலையைப் பங்கு போட்டார்கள். தன்னுடைய கிராக்கியைக் கூப்பிட்டு வைத்து ஊர்க் கதை பேசுகிறானே என்று பீர் முகமதுவுக்கு வயிறு எரிந்தது. "அடுத்த வாரம் வண்டி கொண்டாறேன்" என்று பொதுவில் சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி போய்விட்டார்.

இந்த ஒரு ஆளையாவது சரியானதை வாங்க வைத்துவிடுவது என்று பீர் முகமது முடிவு கட்டினார். ராவுத்தருக்கும் அது கண்ணில் படும், நத்தத்துக்கும் அது வழியாகும் என்று ஒரு எண்ணம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சைக்கிளை எடுத்தார். நத்தம் ரோட்டில் புளிய மரத்து நிழல் இருந்த மட்டும் நிழல், மற்றதெல்லாம் வெயில். விசாரித்து விசாரித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் ஆண்டிச்சாமி இல்லை. அவர் மனைவி முத்துப்பேச்சி கத்திரிச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். கமலை மாடு இரண்டும் வேலையில்லாமல் நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தன. பீர் முகமது நேராகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் பாறைக்கு நடுவே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. ஒரு தவளை எட்டிக் குதித்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடும்.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் ஒரு கிணற்றின் நிஜத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாரே! முத்துப்பேச்சியிடம் ஒரு கேள்வி விடாமல் கேட்டார். பாறை எத்தனை முழத்தில் ஆரம்பிக்கிறது, ஊற்று எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து வருகிறது, இறைத்துவிட்டால் திரும்ப ஊற எவ்வளவு நேரமாகும், எத்தனை குழி நிலம் பாய்கிறது. அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். எந்தக் கடைக்காரரும் இப்படி வீடு தேடி வந்து கேட்டதில்லை என்றுகூடச் சொன்னார். பீர் முகமது கிணற்றைக் கைகாட்டினார்.

"அக்கா, இந்தக் கிணத்துக்கு மோட்டாரே வேணாம். மொதல்ல வெடி வச்சு ஆழப்படுத்துங்க. அஞ்சு குதிரையப் போட்டீங்கன்னா காப்பி குடிக்கிற நேரத்துல கிணறு காஞ்சிரும்!"

"சரி பாயி. செத்த மெதுவாப் பேசுங்க."

பக்கத்துத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். பீர் முகமது அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவர்களும் கேட்டுத் திருந்தட்டும் என்றுதான் நினைத்திருப்பார். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே, முழங்கால் தண்ணீருக்கு மோட்டார் எப்படி ஆகாது என்பதைக் கையை ஆட்டி விளக்கினார். முத்துப்பேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "மோர் குடிக்கிறீகளா?" என்று மட்டும் கேட்டார். பீர் முகமது மோர் குடித்துவிட்டு, வந்த வழியெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் காலையில் ராவுத்தரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"ஏலே பீரு, என்னமோ சைக்கிள் மிதிச்சுப் போய் வித்துட்டு வந்தேன்னு சொல்லப் போறன்னு நெனச்சேன். வாங்க வந்த ஆள வாங்காதீங்கன்னு சொல்லவா அம்புட்டுத் தூரம் போன?"

"நாளைக்கு நம்ம பேரு கெட்டுரக் கூடாதுல்ல மொதலாளி."

ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

சந்தை நாள் வந்தது. ஆண்டிச்சாமியும் வந்தார், வண்டியோடு. கடைக்குள் நுழையும்போதே கண் சிவந்திருந்தது.

"எங்கய்யா அந்த பாயி? ஊரக் கூட்டி வச்சு எங் கிணத்துல தண்ணி இல்லைன்னு தமுக்கடிச்சீரா? பூப் பறிச்ச பொம்பளைகள்ல ஒருத்தி நத்தத்துக்கு வாக்கப்பட்டவ. அங்கன இருக்கிற எங்க வருங்காலச் சம்பந்தகாரர் காதுக்கு அன்னைக்குப் பொழுது சாயவே போயிருச்சு. மகன் ராமருக்குப் பொண்ணு பேசி முடிக்கிற நேரம்யா! இந்த வாரம் வீடு பாக்க வாராக. வந்து மொதல்ல எங்க போய் நிப்பாக? கிணத்தடியிலதான நிப்பாக!"

"அண்ணே, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"எங்க நல்லத ஒம்மகிட்டக் கேட்டமா? தாசு! ஏழரைக் குதிரை எடுத்து வையி! இந்த ஆளு கண்ணு முன்னாலயே எடுத்து வையி!"

ராவுத்தர் கல்லாப்பெட்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஆரோக்கியதாஸ் மட்டும் ஸ்டூலை விட்டு நிதானமாக இறங்கி வந்து, ஆண்டிச்சாமியின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் பீர் முகமது அவர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாமா, கோவத்துல வாங்காதீக. ஏழரையப் போட்டா பொண்ணு வீட்டுக்காரக வெத்தல போட்டு முடிக்கிறதுக்குள்ள குழாயில காத்துதான் வரும். மூணு போடுங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊத்தும், அவுக நிக்கிற மட்டும் ஊத்தும். அதுக்கு ரெண்டு நாள் முன்னால இருந்து இறைக்காம ஊற விட்டுருங்க. சத்தம் எல்லாம் ஒண்ணுதான் மாமா. எத்தன குதிரைன்னு மோட்டாருத் தகட்டக் குனிஞ்சா படிக்கப் போறாக?"

ஆண்டிச்சாமி மீசையைத் தடவினார். கோபம் இறங்கி முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. "நீ பொழைக்கத் தெரிஞ்சவன்டா" என்றார்.

மூணு குதிரை மோட்டார் வண்டியில் ஏறியது. எத்தனையோ வருஷமாகப் பீர் முகமது கத்திக் கதறி, கணக்குப் போட்டுக் காட்டி, ஒருவர் தலையிலும் கட்ட முடியாத மூணு குதிரை! அதைத் தூக்கி ஏற்ற ஒரு கை குறைந்தபோது அவரையே கூப்பிட்டார்கள். அவரும் பிடித்து ஏற்றினார். ஏற்றும்போது அவருக்கு அந்த மோட்டாரைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் ராவுத்தர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நத்தத்துக்கு ஆரோக்கியதாஸ் போகட்டும் என்றார். பீர் முகமது அன்றைக்குத்தான் முதல் தடவையாக முதலாளிக்கு முன்னால் குரலை உயர்த்தினார்.

"மொதலாளி, சின்னக் கிணத்துக்கு மூணு குதிரைதான் ஆகும்னு மொத மொதல்ல சொன்னது யாரு? இம்புட்டு நாளா நான் அதைத்தான சொல்லிட்டிருக்கேன்? அவன் யாருக்காச்சும் மூணு குதிரை சொல்லியிருக்கானா?"

"நீதாம்ப்பா சொன்ன. நான் இல்லைன்னு சொல்லல" என்றார் ராவுத்தர். "அவன் வித்தான்."

வீட்டில் சொன்னபோது சர்புன்னிசா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, ஓரகத்திகளுக்குக் கேட்காத குரலில் ஒன்றுதான் கேட்டார்.

"எவனோ ஒருத்தன் கிணத்துல தண்ணி இருந்தா நமக்கென்ன, இல்லாட்டி நமக்கென்ன?"

அமானிதம் என்று சொல்ல வந்தார் பீர் முகமது. சொன்னால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தனி அடுப்பு மூட்ட முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். தப்பாக ஒன்றும் செய்யவில்லையே என்ற ஆத்திரம்தான் அவரைப் போட்டு வாட்டியது. தப்புச் செய்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பார்.

பங்குனியில் நத்தத்துக் கடைக்குச் சரக்கு ஏற்றின அன்று, வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தபோது முத்துப்பேச்சி வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. மகன் கல்யாணத்துக்கு ஆரோக்கியதாஸை அழைக்க வந்திருந்தார். அவரை அழைத்து முடித்துவிட்டு, இடது பக்கம் வந்து பீர் முகமதுவுக்கும் தட்டை நீட்டினார்.

"வீட்ல கூட்டிட்டுக் கண்டிசனா வரணும் பாயி. எங்க வீட்டுக்காரரு பேசினத மனசுல வச்சுக்கிறாதீக. நீங்க சொன்னது அம்புட்டும் நெசந்தான். எங்க கிணறு எங்களுக்குத் தெரியாதா?"

பீர் முகமதுவுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சும் எதுக்குக்கா மோட்டாரு வாங்குனீக?"

"கமல கட்டி இருந்தா வாரவன் நேரா வந்து கிணத்த எட்டிப் பாப்பான். மோட்டாரு ஓடுனா எல்லாரும் தொட்டியில தண்ணி விழுகுறதத்தான் பாப்பாக. கிணத்த எவன் பாப்பான்? பொண்ணு வீட்டுக்காரக கையக் காலக் கழுவிட்டு, சந்தோசமாப் பூ வச்சுட்டுப் போனாக. ஒத்த சோடி மாட்டுச் சம்சாரி வீட்டுக்கு நல்ல பொண்ணு கெடைக்கிறது லேசா? கல்யாணம் முடியட்டும், ரெண்டு வீட்டு ஆளும் சேந்து கிணத்த வெட்டிக்கிருவோம்."

"இத அன்னைக்குத் தோட்டத்துலயே சொல்லியிருக்கலாம்ல? எல்லாத்துக்கும் பதில் சொன்னீகளே!"

"நீங்க கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். பாறையக் கேட்டீக, ஊத்தக் கேட்டீக, குழியக் கேட்டீக. இந்த நேரத்துல மோட்டாரு எதுக்கு தாயின்னு ஒரு வார்த்த கேட்டீகளா? கேட்டிருந்தா அந்த வரப்புல நின்னே சொல்லியிருப்பேன். தாசு தம்பி மொத நாளே கேட்டுச்சே."

தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொள்ளாமல் பீர் முகமது அப்படியே நின்றார். நான் என்ன மோட்டார் கடைக்காரனா, கல்யாணத் தரகனா என்று கத்த வேண்டும் போலிருந்தது. நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்த கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த அம்மாவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது. ஆரோக்கியதாஸின் வெற்றிலைப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று தான் நினைத்திருந்த காலமெல்லாம் வலது பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது விசாரணைதான் என்பது இப்போது போய் அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன பிரயோஜனம்? லாரியில் ஆரோக்கியதாஸின் வீட்டுச் சாமான்களும் ஏறிக்கொண்டிருந்தன. அவர் மனைவி ரோஸ்மேரி முன் சீட்டில் ஏறி, புது வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

முத்துப்பேச்சியும் போய், லாரியும் போன பிறகு, வடமதுரைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் கடைக்குள் வந்தார். இப்போது கடையில் நின்றது பீர் முகமது ஒருவர்தான். வந்தவர் அஞ்சு குதிரை மோட்டார் ஒன்று வேண்டும் என்றார்.

பீர் முகமது கிணற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு, கூடிய மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"மோட்டாரு எதுக்குண்ணே?"

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, கேலி பண்றீரா? தண்ணி இறைக்கத்தான்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.